அமரர் எழுதிய நாடகம்

பதினோரு வருடங்களுக்கு முன் நான் ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டேன். அதற்கு ஓர் அட்டையும் ஒரு பேனாவும் போதுமாக இருந்தன. அவர் அப்போதும் உயிரோடு இருந்தார், இப்போதும் இருக்கிறார். எனக்குத்தான் அது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வரை தெரியவில்லை.

நான் பள்ளிக்கூட நூலகர். இரண்டாம் மாடியில், வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறை என்னுடையது. அங்கே ஏதாவது கொதித்தால் இங்கே புத்தகமெல்லாம் நாறும். எங்கள் பள்ளியில் எந்த நாடகம், எந்தப் படம், எந்தப் பாட்டு எங்கே போடலாம், கூடாது என்று சொல்வதும் என் வேலை. அதற்கு மூன்று நிற ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். வகுப்புக்குள் டீச்சர் பாடமாகப் படித்துக் காட்டலாம் என்றால் மஞ்சள். அதையே அரங்கத்தில் பெற்றோரை உட்காரவைத்து நடித்துக் காட்டினால் அது பொதுநிகழ்ச்சி ஆகிவிடும், எழுதியவரைக் கேட்டாக வேண்டும், அது சிவப்பு. எழுதியவர் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகி, உரிமைக்காலமும் முடிந்துவிட்டால் பச்சை. பச்சை என்றால் யாரையும் கேட்க வேண்டாம், வெட்டலாம், ஒட்டலாம், தலைகீழாகக்கூட நடிக்கலாம்.

ஸ்டிக்கர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒரு மழை நாளில் விளையாட்டு சார் நானூறு பிள்ளைகளை அரங்கத்தில் அடைத்து ஒரு சினிமா போடப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். "வெளியில மழை மேடம், பசங்க எங்க போவாங்க?" என்றார். "மழைன்னா சட்டம் கரைஞ்சிடுமா சார்?" என்றேன். அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் என்னைப் 'பிளக்கு' என்று கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்றும் உப்பு டப்பாவில் உப்பு என்றும் ஒட்டி வைத்திருப்பேன். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, மறந்துடப் போற" என்பார் என் வீட்டுக்காரர். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில் ஒரு பெண் படியேறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும், மேலே வெள்ளைக் கோட்டு. பள்ளிக்கு எதிர்த் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவள், இருமல் மருந்துக்கு நானே போயிருக்கிறேன். கையில் எங்கள் ஆண்டுவிழா போஸ்டர் சுருட்டியபடி இருந்தது. மேசைமேல் விரித்து, ஒரு வார்த்தையில் விரலை வைத்தாள்.

"இது யாருங்க எழுதினது?"

'அமரர்' என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் நாடக ஆசிரியர் பெயர், கீழே 'ஞாயிற்றுக்கிழமை மதியம்', ஓரங்க நாடகம், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி, பெற்றோர் அனைவரும் வருக.

"நாங்கதான் போட்டோம். ஏன்?"

"உங்க பசங்க என் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டிட்டுப் போயிருக்காங்க. எங்கப்பா இப்பத்தான் வெந்நீர் சூடு பத்தலன்னு என்கூடச் சண்டை போட்டுட்டுக் குளிக்கப் போனார். அமரர் வெந்நீர் கேப்பாரா?"

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பெயர் ஒற்றுமையாக இருக்கும், உங்கள் அப்பா வேறு, இவர் வேறு என்று பக்குவமாகச் சொல்லி, அட்டையை எடுத்துக் காட்டினேன். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த வருடம், இறந்த வருடம், எல்லாம் என் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. இறந்து எழுபத்தைந்து வருடம். அதே ஆசிரியர் எழுதிய இன்னொரு புத்தகமும் அதில் இருந்தது, பூச்செடி வளர்ப்பைப் பற்றியது.

அவள் அட்டையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கப்பா சர்வேயர். அவருக்கு ரோஜாவும் ஒண்ணுதான், முள்ளங்கியும் ஒண்ணுதான். இந்த நாடகத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"எத்தனையோ தடவை."

"அதுல அண்ணன்காரன் டிரான்சிஸ்டர் ரேடியோ கேட்டுக்கிட்டு இருப்பான் இல்ல? எழுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செத்தவர் டிரான்சிஸ்டரை எங்க பாத்தார்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது என்னவென்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பழைய அட்டைகளை ஒழுங்குபடுத்திய வருடம் அது. ஒரே பெயரில், ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு அட்டைகள் இருந்தன. நாடகப் புத்தகத்தில் முதல் தாளே கிடையாது, பைண்டு செய்தவன் ஓரம் வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டியிருந்தான். வருடம் இல்லை, அச்சகம் இல்லை. பூச்செடிக்காரருக்கு மட்டும் எல்லாத் தேதியும் இருந்தது. ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு அட்டை என்று இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினேன். சேர்த்த கையோடு நாடகப் புத்தகத்தின் முதுகில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். சோம்பேறி நூலகராக இருந்திருந்தால் இரண்டு அட்டையும் அப்படியே கிடந்திருக்கும், அவரும் பிழைத்திருப்பார்.

"எத்தனை தடவை போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஆறு வருஷமா. ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்பு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் வாங்க, நல்லாப் பேசுவார். சித்தப்பா சின்ன வயசுல ஒரு பஸ் விபத்துல போயிட்டார், அவர் நினைவா எழுதினது இது. ஒரு நாடகக் குழு வந்து கெஞ்சினப்பகூட மேடைக்குக் குடுக்கல. ஏன்னு கேட்டா பதில் வராது" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

அந்த நாடகத்தில் இரண்டே பேர். ஒரு சண்டையில் தம்பியை 'இனி இந்த வாசலை மிதிக்காதே' என்று அண்ணன் துரத்திவிட்டிருக்கிறான். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்து கதவைத் தட்டுகிறான். அண்ணன் உள்ளே படுத்தபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். நிறுத்தக் கையை நீட்டுகிறான், நிறுத்தினால் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று கையை எடுத்துக்கொள்கிறான். தட்டல் தொடர்கிறது, பாட்டும் தொடர்கிறது, அண்ணன் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் தட்டல் நிற்கிறது. அண்ணன் எழுந்து போய்க் கதவின் இந்தப் பக்கம் நிற்கிறான், திறக்கவில்லை, திரை. அவ்வளவுதான் நாடகம். படித்தால் ஒரு வாரம் தூக்கம் வராது.

முதல் வருடம் எழுதியபடியேதான் போட்டார்கள். பிள்ளைகள் அழுதார்கள், சில பெற்றோர் தலைமையாசிரியையிடம் போய்ச் சத்தம் போட்டார்கள். அடுத்த வருடம் நாடக மிஸ் என்னிடம் வந்தார். "முடிவை மாத்தணும், இல்லன்னா நாடகமே வேண்டாங்கிறாங்க. மாத்தலாமா மேடம்?" நான் புத்தகத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். "பச்சை. தாராளமா." கதவு திறந்ததும் தம்பி சொல்ல ஒரு வசனம் வேண்டும், இத்தனை புத்தகத்தோடு இருக்கிறீர்கள், நீங்களே எழுதித் தாருங்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அங்கேயே ஒரு துண்டுத்தாளில் எழுதினேன். மாலைக்குள் அதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டியும் வைத்தேன். ஐந்து வருடங்களாக அந்தக் கதவு திறந்துகொண்டிருந்தது. ஐந்து வருடமும் பெற்றோர் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

தலைமையாசிரியையிடம் அன்றே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை விழாவை வைத்துக்கொண்டு நிற்கிறவர். "போஸ்டர்ல 'அமரர்'ங்கிற வார்த்தைய மட்டும் அடிச்சிடுங்க. வயசானவர், அரங்கத்துக்கா வரப்போறார்? முடிவை மாத்தினதை எதுக்கு நாமளே போய்ச் சொல்லணும்?"

"அவர் வேண்டாம்னு சொன்னா நாடகம் கிடையாது மேடம்."

"ரெண்டு பசங்களும் ரெண்டு மாசமா ஒத்திகை பாக்குறாங்க. அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நானே சொல்றேன்."

வாய் சொல்லிவிட்டதே தவிர, அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, மனதின் ஒரு ஓரத்தில் எனக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. பெரியவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போடுவார், நான் பாட்டுக்கு வந்துவிடுவேன், கதவு பாட்டுக்குத் திறந்துகொள்ளும். ஆனால் மழை நாளில் பிளக்கைப் பிடுங்கின கை இது. பிள்ளைகளிடம் பிடுங்கத் தெரிந்தவளுக்குத் தன்னிடமும் பிடுங்கத் தெரிய வேண்டாமா?

புதன்கிழமை மூன்று மணிக்கு அனுமதிப் படிவத்தை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்கு மேல்மாடிதான் வீடு. படி குறுகல், பாதிவரை மருந்துப் பெட்டிகள். முன்னறையில் ஜன்னலோரம் பெரியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியிருந்தார், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். சுவர் முழுக்க நில வரைபடங்கள், எல்லைக் கோடுகள் எல்லாம் கையால் போட்டவை. மகள் எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"வாங்கம்மா. நான் போனதுக்கப்புறம் துக்கம் கேக்க வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அட்டை, பூச்செடி, பைண்டர், பச்சை ஸ்டிக்கர் என்று உளறிக் கொட்டினேன். அவர் நடுவில் பேசாமல் கேட்டார். முடிவில், "எல்லைக் கல்லை மாத்தி நட்டுட்டீங்க. நானும் ஒரு தடவை நட்டிருக்கேன், ரெண்டு குடும்பம் இருபது வருஷம் பேசிக்கல. அதை விடுங்க" என்றார். அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அடுத்ததைச் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆறு வருஷமா அரங்கத்துல போட்டிருக்கோம் ஐயா."

அவர் முகம் மாறியது. "எத்தனை பேர் பாத்திருப்பாங்க?"

"வருஷத்துக்கு நானூறு பேர் இருக்கும்."

"இருநூறு புத்தகம் போட்டேன். படிக்கிறவன் தனியாப் படிப்பான், தனியா மனசு கஷ்டப்பட்டுக்குவான், மூடி வச்சிடுவான். அதனாலதான் புத்தகமாப் போட்டேன். நானூறு பேரு வரிசையா உக்காந்து அந்த ஆளைப் பாக்கிறதுக்கு இல்ல." மூச்சு வாங்கினார். "அந்த ஆள் அந்தக் கதவுகிட்ட நிக்கிறதை நானூறு பேரு பாத்தாங்களா?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. "இல்லைங்க ஐயா. முதல் வருஷம் மட்டும்தான். அப்புறம் முடிவை மாத்திட்டோம். கதவு திறக்கும்."

ஜன்னலுக்குக் கீழே யாரோ கடைப் பலகையைத் தட்டி மாத்திரை கேட்டார்கள். மகள் போகவில்லை.

"யாரு திறக்கிறா?" என்றார்.

"அண்ணன்தான்."

"அண்ணன் திறக்கல." சத்தம் அவ்வளவு பெரிதாக அந்த உடம்பிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. "அம்பத்தி மூணு வருஷமா நான் திறக்காத கதவை நீங்க யாரும்மா திறக்கிறதுக்கு? நான் திறக்கல. அவன் தட்டினான், நான் படுத்துக் கிடந்தேன். தட்டிப் பாத்துட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனான், பாலத்துல பஸ் கவிழ்ந்துச்சு. அது அப்படித்தான் நடந்துச்சு. கைதட்டினாங்களா எல்லாரும்?"

"தட்டினாங்க" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அப்பா" என்றாள் மகள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அது கற்பனைன்னுதானே சொன்னீங்க? சித்தப்பா வழியில போகும்போது விபத்துன்னுதானே சொன்னீங்க? நம்ம வீட்டுக்கா வந்தார்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. வரைபடங்களைப் பார்த்தபடி, "வந்தான்" என்றார். "உங்கம்மாவுக்குக்கூடச் சொல்லல."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஒரு குடும்பத்தின் நடுக்கூடத்தில் போய் நின்றுகொண்டு, அவர்கள் பூட்டி வைத்ததை நான் உடைத்திருக்கிறேன். அதுவும் எதை வைத்துக்கொண்டு? ஒரு ஸ்டிக்கரை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அழுகையும் வந்தது, அங்கே அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை நாடகத்தை நிறுத்திடுறேன் ஐயா. புத்தகத்துல ஒட்டின தாளைப் பிரிச்சிடுறேன். பழையபடி புத்தகம் புத்தகமா மட்டும் இருக்கும். அட்டையையும் திருத்திடுறேன். என்னால முடிஞ்சது அதுதான்."

"நிறுத்துங்க" என்றார்.

கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு வழிவிட்டாள். முதல் படியில் காலை வைத்துவிட்டேன்.

"இருங்க." அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவு திறந்ததும் தம்பி என்ன சொல்றான்?"

"ஐயா?"

"சும்மா நிக்க மாட்டான் இல்ல. எனக்கு அதுக்கப்புறம் எழுத வரல. எழுதிப் பாத்தேன், வரவே இல்ல. நீங்க எழுதியிருக்கீங்களே. என்ன சொல்றான்?"

நான் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது என் வசனம். ஐந்து வருடம் பெருமைப்பட்ட வசனம். "'என்னை மன்னிச்சிடுண்ணா'ன்னு சொல்வான்."

"யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"அவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "தட்டினவன் அவன். அவனா மன்னிப்புக் கேப்பான்?"

"தப்புதாங்க ஐயா." அப்போதுதான் எனக்கே அது உறைத்தது. ஐந்து வருடமாக நான் தட்டினவனை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன், நானூறு பேரும் அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

அவர் கையை நீட்டினார். கோப்பிலிருந்த படிவத்தைக் கொடுத்தேன், மகள் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். நாடகத்தின் பெயர், நாள், எத்தனை காட்சி என்று ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தார். 'மாற்றங்கள் இருப்பின்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"அவனுக்குச் சந்தேகப்படவே தெரியாதும்மா. நான் வேணும்னு திறக்கலன்னு அவனுக்குத் தோணியே இருக்காது. போ, வராதேன்னு நான் சொன்னதைக்கூட அவன் நெசம்னு எடுத்துக்கல, அதனாலதானே வந்தான்." பேனாவைத் திறந்தார். எழுத்து வரைபடத்தில் இருந்த அதே சின்ன நேரான எழுத்தாக இருந்தது. எழுதி முடித்துக் கீழே கையெழுத்தும் போட்டு என் பக்கம் திருப்பினார்.

கதவு திறக்கலாம். தம்பி: "தூங்கிட்டியாண்ணா?"

நான் அதைப் படித்தேன். மகள் என் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள். நான் என் வேலையைத்தான் செய்தேன், வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கட்டம் பாதி காலியாக இருந்தது. எழுதியவரைக் கேட்காமல் இனி ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது.

"அதுக்கு அண்ணன் என்ன பதில் சொல்லணும் ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமான்னு சொல்லட்டும்."